சீர்த்தட்டில் வந்த மிஷின்

யுவராணி ஜப்பானிலிருந்து கம்பைநல்லூருக்குத் திரும்பி வந்த அன்று, அவள் பெட்டிகளைத் திறப்பதைப் பார்க்க வீட்டு ஆட்கள் எல்லோரும் ஹாலில் கூடிவிட்டார்கள். மாமியார் கண்ணம்மாளுக்கு ஒரு கம்பளியும், முழங்கால் வலிக்கு ஒட்டுகிற பட்டைகளும் வந்திருந்தன. கணவன் சிவக்குமாருக்குக் கைக்கடிகாரம். அதியமான்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் மணிமேகலைக்குத் தோல்பை, அவள் கணவன் அறிவழகனுக்கு ஷேவிங் மிஷின், அவர்களுடைய பெண்குழந்தைக்கு முயல் படம் போட்ட சட்டைகள். எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் ஒரு பெட்டி மிச்சமிருந்தது. அதை மட்டும் மற்ற சாமான்களோடு போடாமல், துணியில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அது யாருக்கு?" என்று கேட்டாள் கண்ணம்மாள்.

"அது எனக்குங்க அத்தை."

"ஒனக்கா? ஒனக்கு நீயே வாங்கிக்கிட்டியா?"

"ஆமாங்க."

கண்ணம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் வெளிநாடு போனவர்கள் தங்களுக்கென்று ஒன்றை வாங்கி, அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் பார்த்ததில்லை. துபாய் போன தம்பி மகன்கூட அம்மாவுக்கும் அக்காக்களுக்கும் கொடுத்தது போக, பழைய சட்டையோடுதான் வந்து இறங்கினான்.

பெட்டிக்குள் இருந்தது கையில் பிடித்து விளையாடும் ஒரு கேம் மிஷின். நடுவில் திரை, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் திருப்புகிற குமிழ்கள். நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் யுவராணி மூன்று வருஷம் வேலை பார்த்தாள். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மறுபடி எழுப்பி உட்கார வைப்பது. அறையில் கூடத் தங்கியிருந்த லான் என்ற வியட்நாம்காரிதான் தன் மிஷினை அவள் கையில் கொடுத்து முதன்முதலில் விளையாடச் சொன்னாள். கடைசி வருஷம் யுவராணி தனக்கென்று ஒன்று வாங்கினாள். கடையில் பல மொழி உள்ள மாடலும் இருந்தது. இவள் வாங்கியது ஜப்பானுக்குள் மட்டும் விற்கிற மாடல். அதில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறெதுவும் வராது. பெங்களூரில் ஒரு வருஷம் உட்கார்ந்து மண்டை வெடிக்கப் படித்த மொழி அது. அந்த எழுத்துகளை வேலைக்கு மட்டும்தான் படிக்க வேண்டுமா என்று நினைத்துத்தான் அதை எடுத்தாள்.

அவள் விளையாடிய விளையாட்டில் ஒரு பெண் கையில் ஈட்டியோடு ஒரு கோபுரம் ஏறுவாள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு மிருகம் காத்திருக்கும். அடிபட்டுச் செத்தால் திரை கறுத்து, 'இன்னொரு தடவை?' என்று கேட்கும். முதியோர் இல்லத்தில் கை ஒரு பிடி நழுவினால் ஒரு கிழவியின் இடுப்பெலும்பு போய்விடும். இங்கே எத்தனை தடவை தப்பு செய்தாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. அது யுவராணிக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஜெயிக்கும்போது வருகிற சந்தோஷம் அதைவிடப் பெரியது.

கம்பைநல்லூரில் அதை வைத்து விளையாடுவது அத்தனை சுலபமாக இல்லை. சார்ஜரின் தட்டையான கால்கள் இந்த ஊர் பிளக்கில் நிற்கவில்லை; சிவக்குமார் எலெக்ட்ரிக்கல் கடையில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்து கொடுத்தான். புதிதாக ஒரு விளையாட்டு வாங்கலாம் என்றால், மிஷினுக்குள் இருக்கும் கடை ஜப்பான் கடை. இந்த ஊர் பேங்க் கார்டை அது ஏற்கவில்லை. லான் அங்கே வாங்கி, விளையாட்டை இறக்கிக்கொள்ளும் குறியீட்டு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். பழுதானால் பார்க்க இங்கே ஆளில்லை. அதனால் யுவராணி அதை ஒரு பழைய பருத்தித் துண்டில் சுற்றி பீரோவில் வைப்பாள். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு எடுப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் வரை விளையாடுவாள்.

"என்னடா அது, எந்நேரமும் கையில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கறா?" என்று கண்ணம்மாள் மகனைக் கேட்டாள்.

சிவக்குமார் உரக்கடை வைத்திருப்பவன். வாடிக்கையாளரிடமும் வீட்டிலும் சண்டை வராமல் பேசிப் பேசிப் பழகியவன். "அது வேல விசயம்மா. ஜப்பான் பாசை மறக்காம இருக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டான்.

கண்ணம்மாள் ஒருநாள் மருமகளின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். திரை முழுக்கக் கோடும் கட்டமுமாக எழுத்துகள். மகன் சொன்னது சரி என்று நம்பினாள். தெருவில் சொன்னாள். பால் சொசைட்டியில் சொன்னாள். யுவராணி பையோடு நடந்துபோனால், ஜப்பான் படிப்பு படிக்கிற பெண் என்று ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் சிவக்குமாரின் சித்தப்பா பச்சியப்பன், நர்சிங் கடைசி வருஷம் படிக்கும் தன் மகள் பாரதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் பேனா செருகி, முக்கியமான விஷயம் பேச வந்தவர்போல உட்கார்ந்தார்.

"நீ போன மாதிரியே இவளும் ஜப்பானு போவணும்ங்கறாம்மா. ஏதோ மிஷினு வெச்சிப் படிக்கறியாமே, அதை இவளுக்கும் ஒருக்கா காட்டு. எங்க விக்குதுன்னு சொன்னா வாங்கிடலாம்."

கண்ணம்மாள் பெருமையோடு காபி கொண்டுவந்து வைத்தாள். சிவக்குமார் யுவராணியைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னான். யுவராணி அதைக் கவனித்தாள். ஆனால் அதில் இல்லாத படிப்புக்காக ஒரு பெரியவர் மிஷின் வாங்கப் புறப்பட்டிருக்கிறார்.

"மாமா, அது படிக்கற மிஷின் இல்லீங்க. அது கேமு. நான் வெளாடுறேன்."

"வெளாடுறியா?"

"ஆமாங்க மாமா. பாரதி படிக்கறதுக்கு வேற புஸ்தகம் இருக்குது, வாத்தியாரும் இருக்கறாங்க, நம்பர் தர்றேன். இதுல பாசை வராது. இது வெறும் வெளாட்டு."

பாரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பச்சியப்பன் காபியை ஊதி ஊதிக் குடித்தார். கண்ணம்மாள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

"சும்மா ஆமாம்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று அன்று சாயங்காலம் சிவக்குமார் கேட்டான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வேல விசயம்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீயும் நிம்மதியா வெளாடலாம். நான் ஒனக்குத்தான சொன்னேன்?"

"நீங்க சீட்டு ஆடப் போறப்ப என்ன விசயம்னு சொல்லிட்டுப் போறீங்க?"

"அது வேற."

"என்ன வேற?"

 "ஒனக்கு எதையும் வளைச்சிப் பேசத் தெரியலை" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு தெருவின் மரியாதை மாறியது. பம்புசெட்டுக்குப் போகிற பெண்கள் ஜன்னலைப் பார்த்து, "என்ன யுவராணி, வெளாட்டு முடிஞ்சிதா?" என்று குரல் கொடுத்தார்கள். கண்ணம்மாள் நேராக எதுவும் சொல்லவில்லை. அம்மியைக் கழுவும்போதும் கோழியை விரட்டும்போதும் சொன்னாள். வாழ வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் தான் விளையாடி யாராவது பார்த்ததுண்டா என்று கோழியிடம் கேட்டாள். யுவராணி அதுவரை படுக்கையறையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த வாரத்திலிருந்து மிஷினை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, வாசலைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பங்குனியில் மணிமேகலையும் அறிவழகனும் வந்தார்கள். அவர்களுடைய குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்வீட்டுக்கு முறையாகச் சொல்லிப்போக வந்திருந்தார்கள். அறிவழகனுக்கு ஹைவே ஓரத்தில் டயர் கடை. ஆள் நல்ல உயரம், வாட்டசாட்டம். ஹாலில் இருந்த மிஷினைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுவா? யூடியூப்ல பாத்திருக்கறேன் தங்கச்சி! குடு, குடு."

யுவராணி கொடுத்தாள். அவன் சோபாவில் சாய்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளையாடினான். ஈட்டிக்காரி முதல் மாடியிலேயே செத்துப்போனாள். மறுபடி செத்தாள். அவன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"இங்கிலீசுக்கு மாத்த முடியாதா?"

"முடியாதுண்ணே. இந்த மாடல்ல ஜப்பான் பாசை மட்டும்தான்."

"தர்மபுரியில மாத்தாத மிஷினா? எல்லாத்தையும் மாத்துவானுங்க" என்றான். சாப்பிடக் கூப்பிடும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. கண்ணம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இலை போட்டாள். "பாவம், ஓயாம கடையிலயே கெடக்கறவரு. ஆசையா வெளாடுறாரு பாரு" என்று மகளிடம் சொன்னாள். அவன் கிளம்பும்போது யுவராணி கைநீட்டி மிஷினை வாங்கித் துண்டில் சுற்றினாள். அதையும் கண்ணம்மாள் பார்த்தாள்.

சித்திரையில் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் யுவராணிக்கு வேலை கிடைத்தது. காதுகுத்து வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதியமான்கோட்டை மண்டபத்தில். முந்தின நாள் அவளுக்கு இரவு டியூட்டி. மாற்றிக் கொடுக்க ஆளில்லை. "நீ அங்கிருந்தே நேரா வந்துடு, சீரெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சிவக்குமார் சொன்னான். யுவராணி பட்டுப்புடவையைப் பையில் வைத்து எடுத்துப் போனாள். கூடவே, குழந்தைக்காகத் தானே போய்ப் பார்த்து வாங்கிய சிறிய தங்கத் தோடும்.

காலையில் நர்ஸ்கள் அறையில் புடவை மாற்றிக்கொண்டு, டவுன் பஸ் ஏறி மண்டபத்துக்குப் போனபோது, சீர் வரிசை உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. முன்னால் மேளம். பின்னால் கம்பைநல்லூர்ப் பெண்கள் தலைக்கொரு தட்டோடு வந்தார்கள். பழம், தேங்காய், ஜவுளி, சர்க்கரை, ஒரு குத்துவிளக்கு. யுவராணி ஓடிப்போய்ப் பின்னால் தடுமாறி வந்த பெரியம்மா ஒருத்தியின் தட்டை வாங்கிக்கொண்டாள். மேடைக்குக் கீழே ஜமக்காளத்தில் எல்லாத் தட்டுகளையும் வரிசையாக இறக்கினார்கள். தாய்மாமன் என்பதால் சிவக்குமார் மேடையில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

வழக்கப்படி ஒரு பெண் தட்டுகளைக் காட்டிக் காட்டி உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். "தங்கச்சிக்குப் பட்டு... கொழந்தைக்குக் கொலுசு... மாப்பிள்ளைக்கு ஜப்பான் மிஷினு!"

கூட்டத்தில் கைதட்டினார்கள். யுவராணி திரும்பிப் பார்த்தாள்.

கண்ணம்மாள் இறக்கி வைத்த தட்டில், மடித்த வேட்டி சட்டைக்கு மேலே, அவளுடைய பெட்டி இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தது. பீரோவைத் திறந்து, துண்டைப் பிரித்து, மிஷினைப் பழைய பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அவள் மேடையைப் பார்த்தாள். சிவக்குமார் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குப் புரிந்தது. இரவு டியூட்டியின் களைப்பு போன இடம் தெரியவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.

அவள் ஜமக்காளத்தில் கால் வைத்து நடந்துபோய்க் குனிந்து பெட்டியை எடுத்தாள். மல்லிகைச் சரம் நழுவி வேட்டியின் மேல் விழுந்தது.

"என்னடி பண்ற?" என்றாள் கண்ணம்மாள், பல்லுக்குள்.

"என்னோடதை எடுத்துக்கறேங்க அத்தை."

"சீர்த்தட்டுல வெச்சதைத் தொடக் கூடாதுடி. வெய்யி."

"வெக்கறதுக்கு முந்தி என்னைக் கேட்டீங்களா?"

"மாப்பிள்ளை ஆசைப்பட்டாரு. வூட்டுப் பொருளு, வூட்டு மாப்பிள்ளைக்குத்தான போவுது? வேற எவனுக்கோவா குடுத்துட்டேன்?"

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். மணிமேகலை மேடையிலிருந்து இறங்கி வேகமாக வந்து யுவராணியின் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணி, ஊரே கூடியிருக்குது. மானத்தை வாங்காதீங்க. வெச்சிடுங்க, அப்பறம் பேசிக்கலாம்."

"ஊரு கூடியிருக்கறப்ப வெச்சீங்க. ஊரு கூடியிருக்கறப்பவே எடுத்துக்கறேன்."

மணிமேகலையின் முகம் சிவந்துவிட்டது. புகுந்த வீட்டுச் சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய மாமியார் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். "ஒரு புள்ள குட்டி இருந்தா இந்த மாதிரி பொம்மையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்களா?" என்றாள் மணிமேகலை.

 யுவராணிக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சேலம், பெங்களூர் என்று ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் சிவக்குமாரும் அவளும் சேர்ந்தே போயிருந்தார்கள். போதும் என்று ஒருநாள் யுவராணிதான் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் பெங்களூர் போய் மொழி படித்தாள். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவள் முகத்துக்கு நேராகக் கேட்டதில்லை. அவள் அழுதுவிடுவாள் என்று பக்கத்தில் நின்றிருந்த பெண்கள் நினைத்தார்கள். ஒருத்தி தாங்கிக்கொள்ளக் கையைக்கூட நீட்டினாள்.

"புள்ள இருந்தாலும் வெளாடுவேன் மணிமேகலை" என்றாள் யுவராணி. குரல் முதலில் கொஞ்சம் உடைந்தது, பிறகு நிலைத்தது. "புள்ள இல்லாததுக்குப் பதிலா இதை வெச்சிக்கலை. அதுக்குப் பதிலு எதுவும் கெடையாது, அது எனக்குத் தெரியும். இது எனக்குப் புடிச்சிருக்குது, அதனால வெளாடுறேன். ஒன் வூட்டுக்காரரு வெளாடுனா அது ஆசை, தட்டுல பூ சுத்தி வருது. நான் வெளாடுனா மட்டும் அதுக்கு ஒரு காரணம் சொல்லணுமா?"

 யுவராணி கைப்பையைத் திறந்து தோட்டு டப்பாவை எடுத்து, மேடை ஏறி, குழந்தைக்கு முன்னால் இருந்த தாம்பாளத்தில் வைத்தாள்.

"இது கொழந்தைக்கு நான் கொண்டாந்தது. மனசாரக் குடுக்கறேன்" என்றாள். கணவனைப் பார்க்காமல் இறங்கினாள்.

ஆசாரி காது குத்தினார். குழந்தை வீறிட்டது. மேளம் மறுபடி தொடங்கியது. யுவராணி வெளியே போய்விடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பந்திக்குக் கூப்பிட்டபோது எழுந்து போய் இலை முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாகவே இருந்தன. நாலாவது இடத்தில் உட்கார்ந்திருந்த பாரதி, அப்பா முறைப்பதைப் பார்த்தும், தன் இலையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்து யுவராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவன் வடையோடு யுவராணியின் இலையைத் தாண்டப் பார்த்தான்.

"தம்பி, இங்க வெய்யி" என்றாள் அவள். அவன் வைத்தான். பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

திரும்பி வருகிற வழியில், சிவக்குமார் மொரப்பூர் பிரிவுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். 

"அம்மா கேட்டப்ப வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றான்.

"அப்பறம்?"

"அப்பறம்... நாலு பேரு முன்னாடி நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நெனச்சிட்டேன். வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்னு நெனச்சேன்."

"நான் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சிதான் வெச்சீங்க."

அவன் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தான். ஒரு கரும்பு லாரி போயிற்று. "ஒன்னைக் கேட்டிருக்கணும்" என்றான்.

"ஆமா. கேட்டிருக்கணும்."

அவன் இன்னும் ஏதாவது எதிர்பார்த்து நின்றான். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. "கெளம்புங்க, வெயிலு ஏறுது" என்றாள்.

வீட்டில் கண்ணம்மாள் மருமகளோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு மட்டும் எடுத்து மூடி வைத்திருப்பாள். ஒரு வாரம் கழித்து பச்சியப்பன் வந்தார். இந்தத் தடவை மகளைக் கூட்டி வரவில்லை.

"யாரு பக்கம் நாயம்னு நான் பேச வரலைம்மா. அது முடிஞ்சிபோச்சி. மிஷினும் ஒன்கிட்டதான் இருக்குது. மணிமேகலைக்கு ஒரு போனு போட்டு, தெரியாம நடந்துபோச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. குடும்பம் ஒண்ணா இருக்கும்."

"தெரிஞ்சிதாங்க மாமா செஞ்சேன்."

"ஒரு வார்த்தைதானம்மா."

"அவ வூட்டுல நல்லது கெட்டதுன்னா முதல் ஆளா வந்து நிப்பேன் மாமா. பாத்தரம் கழுவச் சொன்னாலும் கழுவுறேன். கொழந்தைக்கு ஒடம்புக்கு முடியலைன்னா ராவும் பகலும் பாத்துக்கறேன். தெரியாம எடுத்துட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

பச்சியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கண்ணம்மாள் சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பேச்சை நிறுத்தியிருந்ததையும் மறந்து வெளியே வந்தாள்.

"அந்த ஒத்தை வார்த்தையைச் சொல்லியிருந்தா ஒன் தலையில இருந்து கிரீடமா எறங்கிடும்?"

"இன்னிக்கி அதைச் சொன்னா, நாளைக்கி வேற ஒண்ணு தட்டுல இருக்கும் அத்தை."

கண்ணம்மாள் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.  தனக்குத் தாய்வீட்டில் போட்ட காசுமாலை, தன்னைக் கேட்காமலேயே பெரிய நாத்தனார் கல்யாணத்துக்குப் போனதை அவள் எத்தனையோ தடவை யுவராணியிடமே சொல்லியிருக்கிறாள். "கொழம்பு ஆறிப்போச்சி, சூடு பண்ணிக்க" என்று சொல்லி உள்ளே போனாள். மறுநாளிலிருந்து இரண்டொரு வார்த்தை பேசினாள். விளையாட்டைப் பற்றிக் கோழியிடம் சொல்வதையும் மறுபடி தொடங்கினாள்.

ஆடிப் பதினெட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வர மாட்டார்கள் என்று கண்ணம்மாள் பயந்துகொண்டிருந்தாள். வந்தார்கள். மணிமேகலை யுவராணியைப் பார்க்காமல் நேராகச் சமையல்கட்டுக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டாள். குழந்தையின் காதில் யுவராணி வாங்கிய தோடு இல்லை, வேறொன்று போட்டிருந்தார்கள். யுவராணி அதைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. கோழிக் குழம்பு வைத்தாள், எல்லோருக்கும் இலை போட்டாள், மணிமேகலைக்கும் பரிமாறினாள். மணிமேகலை போதும் என்பதற்குக் கையை மட்டும் குறுக்கே நீட்டினாள்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்த பிறகு, யுவராணி பீரோவிலிருந்து மிஷினை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். சோபாவில் அறிவழகன் சாய்ந்திருந்தான். சமையல்கட்டில் பேச்சு நின்றது. விருந்தாளி இருக்கும்போது இன்று ஒருநாள் விட்டுவிடுவாள் என்று கண்ணம்மாள் நினைத்திருந்தாள். யுவராணி வாசலைப் பார்த்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிஷினைப் போட்டாள்.

லான் அனுப்பிய புதிய விளையாட்டு அது. கடல், ஒற்றைப் படகு, நாலா பக்கமும் புயல். படகு கவிழ்ந்தது. மறுபடி கிளம்பியது. அறிவழகன் முதலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு சோபாவின் இந்த ஓரத்துக்கு நகர்ந்தான்.

"எடது பக்கம் தங்கச்சி! எடது பக்கம், பாறை!" என்று கத்திவிட்டான்.

"பாத்துட்டேண்ணே" என்றாள் யுவராணி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"என்னங்க, எந்திரிச்சி இங்க வாங்க" என்று சமையல்கட்டிலிருந்து மணிமேகலை குரல் கொடுத்தாள்.

"இரு, வர்றேன்" என்றான் அவன். ஆனால் எழுந்திருக்கவில்லை. அலை படகின் பக்கவாட்டில் மோதியது. யுவராணி கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, படகை அலைக்கு நேராகத் திருப்பினாள்.